சொறி பிடித்த கயோட்டியும் கழுத்து முளைத்த சுறாவும்

எங்கள் தெருமுனை டீக்கடை வாசலில் சில மாதங்கள் ஒரு நாய் படுத்துக் கிடந்தது. காதோரத்தில் தொடங்கிய சொறி விலா, தொடை, வால் என்று பரவி, கடைசியில் உடம்பில் ஒரு பிடி ரோமம்கூட மிஞ்சவில்லை. தோல் தடித்து, சாம்பல் பூத்து, கழுத்தடியில் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. விலா எலும்புகளை எண்ணிவிடலாம். முகத்து முடி உதிர்ந்துவிட்டதால் பற்கள் பெரிதாகவும் காதுகள் நீளமாகவும் தெரிந்தன. வால் எலிவாலாகச் சூம்பிவிட்டது. டீ குடிக்க வந்தவர்கள் முகம் சுளித்துத் தள்ளி நின்றார்களே தவிர, ஒருவரும் அதைப் பார்த்து அலறவில்லை. அது நாய் என்று எல்லோருக்கும் தெரியும். சொறிநாயைப் பார்க்காமல் நம் ஊரில் யாரும் வளர்ந்ததில்லை.

அதே சொறி, நாய்க் குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு விலங்குக்குப் பிடித்தபோது அது உலகச் செய்தியானது. 2007ஆம் ஆண்டு, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் குவேரோ என்ற ஊருக்கு அருகே பண்ணை வைத்திருந்த ஒரு பெண், விசித்திரமான விலங்கு ஒன்று செத்துக் கிடப்பதைக் கண்டார். உடம்பில் ரோமம் இல்லை. நீலம் கலந்த சாம்பல் தோல், நீண்ட கோரைப்பற்கள். அவருடைய கோழிகள் அதற்கு முன்பே செத்துக்கொண்டிருந்தன. அவர் விலங்கின் தலையை வெட்டிக் குளிர்பெட்டியில் வைத்துப் பாதுகாத்தார். ரத்தம் உறிஞ்சும் ‘சுப்பகாப்ரா’ கடைசியில் அகப்பட்டுவிட்டது என்று செய்தி பரவியது. டெக்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் அதன் திசுவை எடுத்து மரபணுச் சோதனை செய்தார்கள். கயோட்டி என்று முடிவு வந்தது. கயோட்டி வட அமெரிக்கா முழுக்கச் சாதாரணமாகத் திரிவது. நம் நரியைவிடச் சற்றுப் பெரியது, ஓநாயைவிடச் சிறியது. அந்தப் பண்ணைக்காரர் எத்தனையோ கயோட்டிகளைப் பார்த்திருப்பார். ஆனால் ரோமத்தோடு பார்த்திருப்பார்.

மர்ம விலங்குகளைப் பற்றிய செய்திகளைப் பல ஆண்டுகளாகச் சேர்த்துப் படித்துவரும் எனக்கு, இந்த ஒரு வேறுபாட்டில்தான் பெரும்பாலான புதிர்களின் முடிச்சு இருப்பதாகப் படுகிறது. நாம் ஒரு விலங்கை அறிந்திருப்பது அதன் ஒரே ஒரு கோலத்தில்தான்: வளர்ந்த உடம்பு, நல்ல ரோமம், பகல் வெளிச்சம், பக்கவாட்டுத் தோற்றம். பள்ளிக்கூடச் சுவரில் மாட்டிய படம் அது. அந்த விலங்கு நோயில் விழுந்தாலோ, செத்து அழுகினாலோ, முட்டையை விட்டு வந்து சில நாளே ஆன குஞ்சாக இருந்தாலோ, படத்தோடு ஒத்துப்போகாது. பார்த்தவர் பொய் சொல்லவில்லை. அவர் உண்மையிலேயே இதுவரை பார்த்திராத ஒன்றைத்தான் பார்த்தார்.

சுப்பகாப்ராவின் கதையையே எடுத்துக்கொள்வோம். ஸ்பானிய மொழியில் ‘ஆடு உறிஞ்சி’ என்று பொருள். கரீபியன் கடலில் உள்ள போர்ட்டோ ரிக்கோ தீவில், 1995ஆம் ஆண்டு, ஆடுகளும் கோழிகளும் உடம்பில் சிறு துளைகளோடு செத்துக் கிடந்தன. உடம்பில் ரத்தமே இல்லை என்று சொன்னார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் கனோவானஸ் என்ற ஊரில் ஒருவர் அந்த உயிரைக் கண்டதாக விவரித்தார். இரண்டு காலில் நிற்கும், பெரிய கண்கள், முதுகு நெடுக முட்கள். இந்த விவரிப்பு மெக்சிகோவுக்கும் அங்கிருந்து அமெரிக்காவின் தென் மாநிலங்களுக்கும் பரவியது. ஆனால் டெக்சாஸில் கிடைத்த உடல்களோ நான்கு கால் விலங்குகள். முள்ளும் இல்லை, பெரிய கண்ணும் இல்லை. தீவில் பார்த்ததற்கும் டெக்சாஸில் கிடைத்ததற்கும் பெயரைத் தவிர வேறு பொதுவான அம்சம் எதுவும் கிடையாது. பெயர் முதலில் வந்துவிட்டது. அதற்கு ஓர் உடம்பு தேவைப்பட்டபோது, சொறி பிடித்த கயோட்டி வந்து பொருந்திக்கொண்டது.

இந்தச் சொறியை உண்டாக்குவது சார்கோப்டிஸ் ஸ்கேபியை என்னும் நுண்ணுண்ணி. மனிதருக்குச் சிரங்கு வரவைப்பதும் இதே இனம்தான். பெண் உண்ணி தோலின் மேலடுக்கில் சுரங்கம் தோண்டி முட்டையிடும். அரிப்பு தாங்காமல் விலங்கு சொறியும், கடிக்கும், மரத்தில் உராயும். முடி உதிரும், தோல் தடிக்கும், புண்ணில் கிருமி சேரும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உண்ணிகளை ஆராய்ந்த பேரி ஓகானர் இதில் ஒரு முக்கியமான விஷயத்தைச் சொன்னார். மனிதர் நெடுங்காலமாக இந்த உண்ணியோடு வாழ்ந்து ஓரளவு எதிர்ப்பு பெற்றுவிட்டோம். நம்மிடமிருந்து நாய்க்கும், நாயிடமிருந்து காட்டு விலங்குகளுக்கும் அது போயிருக்க வேண்டும். புதிதாகப் பெற்றவற்றைத்தான் அது இப்படிக் குலைக்கிறது என்பது அவர் கருத்து. நோயால் நலிந்த கயோட்டியால் முயலைத் துரத்திப் பிடிக்க முடியாது. அதனால் கட்டிப்போட்ட ஆட்டையும் அடைத்துவைத்த கோழியையும் தேடி வீட்டுப் பக்கம் வரும். ரோமம் இல்லாத உடம்பு, மனிதருக்கு அருகில், கால்நடை செத்த அதே வாரத்தில்: மூன்றையும் ஒரே நோய் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது. இவ்வளவு எளிய காரணம் இவ்வளவு பெரிய திகிலை விளைவித்ததுதான் என்னை இந்த விஷயத்தில் விடாமல் பிடித்து வைத்திருக்கிறது.

ரத்தம் இல்லாத ஆட்டுக்கும் விளக்கம் உண்டு. இதயம் நின்றதும் ரத்தம் உடலின் தாழ்ந்த பக்கத்தில் போய்த் தங்கி உறைந்துவிடும். மறுநாள் காலையில் மேல்பக்கத்தில் கீறிப் பார்த்தால் சொட்டுகூட வராது. நாய் இனம் கழுத்தைக் கவ்வினால் கோரைப்பல் பதிந்த துளைகள் மட்டும் வெளியே தெரியும். கிழிந்ததும் நசுங்கியதும் தோலுக்கு அடியில் இருக்கும். உடலை அறுத்து முறையாகச் சோதிக்காதவரை, துளையும் வற்றிய உடம்பும் மட்டுமே கண்ணுக்குப் படும்.

ரோமம் போனால் கரடியும் கரடியாக இருக்காது. 2009இல் ஜெர்மனியின் லைப்சிக் விலங்குக்காட்சிசாலையில் தென்னமெரிக்கக் கரடிகளுக்கு உடல் முழுவதும் முடி கொட்டியது. அந்தப் படங்களைப் பெயர் சொல்லாமல் காட்டினால் கரடி என்று சொல்பவர் அரிது. நீண்ட மூஞ்சி, மெலிந்த கால்கள், சுருங்கிய கரும்தோல். 2007இல் பென்சில்வேனியக் காட்டில் தானியங்கிக் கேமராவில் பதிந்த மெலிந்த, நெடுங்கால் உருவத்தைப் பலர் பிக்ஃபுட் என்னும் வனமனிதனின் குட்டி என்றார்கள். சொறி பிடித்த கரடி என்று அந்த மாநிலத்தின் வனவிலங்குத் துறை சொன்னது.

நிலத்தில் சொறி செய்யும் வேலையைக் கடலில் அழுகல் செய்கிறது. 1977 ஏப்ரல் 25 அன்று, நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சுக்குக் கிழக்கே மீன்பிடித்துக்கொண்டிருந்த ‘சுய்யோ மாரு’ என்ற ஜப்பானியக் கப்பலின் இழுவலையில், சுமார் 300 மீட்டர் ஆழத்திலிருந்து ஒரு பிணம் ஏறி வந்தது. ஏறத்தாழ 10 மீட்டர் நீளம், 1,800 கிலோ எடை. சிறிய தலை, நீண்ட கழுத்து, நான்கு துடுப்புகள், வால். நாற்றம் தாங்க முடியவில்லை. பிடித்த மீனெல்லாம் கெட்டுவிடும் என்று அதைத் திரும்பக் கடலிலேயே தள்ளிவிட உத்தரவிட்டார் கப்பல் தலைவர். தள்ளுவதற்கு முன் கப்பலில் இருந்த மிச்சிஹிகோ யானோ சில புகைப்படங்கள் எடுத்தார், அளவுகளைக் குறித்தார், துடுப்பிலிருந்து கொம்பு போன்ற சில நார்த் துண்டுகளை வெட்டி வைத்துக்கொண்டார். படங்கள் வெளியானதும் ஜப்பான் கொந்தளித்தது. டைனோசர் காலத்தில் கடலில் வாழ்ந்து அழிந்துபோன பிளீசியோசர் இன்னும் உயிரோடு இருக்கிறது என்றார்கள்.

நார்த் துண்டுகள்தான் விடை தந்தன. அவற்றின் அமினோ அமிலச் சேர்க்கை பாஸ்கிங் சுறாவின் துடுப்பு நாரோடு மிக நெருக்கமாக ஒத்துப்போனது. உலகின் இரண்டாவது பெரிய மீன் அது. வாயை அகலத் திறந்துகொண்டு கடல்மேற்பரப்பில் மெல்ல நீந்தி, நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்னும். அதன் செவுள் பிளவுகள் தலையைக் கிட்டத்தட்ட முழுவதும் சுற்றி வரும். இந்தச் சுறா செத்து அழுகும்போது, தளர்வாக ஒட்டியிருக்கும் கீழ்த்தாடையும் செவுள் வளைவுகளும் முதலில் கழன்று விழுந்துவிடும். மிஞ்சுவது சின்னஞ்சிறு மண்டைப்பெட்டியும் அதற்குப் பின்னால் நீளும் முதுகெலும்பும். அதுவே ‘சிறிய தலை, நீண்ட கழுத்து’. வாலில் எலும்புத்தண்டு மேல்மடலில் மட்டுமே ஓடுவதால் கீழ்மடலும் விழுந்துவிடும். மீன்வால் போய் மெல்லிய பாம்புவால் தெரியும். முதுகுத் துடுப்பும் போனால், மீன் என்று சொல்ல ஓர் அடையாளமும் மிஞ்சாது. அழுகல் ஒழுங்கில்லாமல் நடப்பதில்லை. ஒவ்வொரு முறையும் இதே வரிசையில்தான் நடக்கிறது. அதனால்தான் வெவ்வேறு நூற்றாண்டில் வெவ்வேறு கடற்கரையில் ஒதுங்கிய பிணங்களை மக்கள் ஒரே மாதிரி விவரித்தார்கள்.

1808இல் ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஸ்ட்ரான்சே தீவில் ஒதுங்கிய பிணமும் இப்படிப்பட்டதுதான். 55 அடி என்று அளந்தவர்கள் சொன்னார்கள். எடின்பரோவின் இயற்கையியல் சங்கத்தார் அதைப் புதிய கடற்பாம்பு என்று கருதி அறிவியல் பெயரே சூட்டிவிட்டார்கள். லண்டனில் இருந்த எவரார்ட் ஹோம், வந்து சேர்ந்த எலும்புத் துண்டுகளைப் பார்த்துப் பாஸ்கிங் சுறா என்றார். கண்டவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொல்கிறார்களே, பொய்யாக இருக்குமா என்று கேட்பவர்களுக்கு இதுவே என் பதில். ஒரே மாதிரி சொல்வது பார்த்தது மெய் என்பதற்குச் சான்று. பார்த்தது என்ன என்பதற்குச் சான்றாகாது.

குஞ்சுகளின் கதை சிறியது. 2017இல் விசாகப்பட்டினத்தில் ஒரு கட்டடத்தில் எடுத்த காணொளி, வேற்றுக்கிரகவாசிகள் என்ற பெயரில் நாடெங்கும் சுற்றியது. வெளிறிய மூன்று உருவங்கள் நிமிர்ந்து நின்று, இதய வடிவ முகத்தில் பெரிய கருவிழிகளால் கேமராவை உற்றுப் பார்த்தன. அவை கூகைக் குஞ்சுகள். வளர்ந்த கூகையின் கால்களை இறகு மறைத்திருக்கும். இறகு முளைக்காத குஞ்சில் அந்தக் கால்கள் எவ்வளவு நீளம் என்று தெரியும்போது, சின்ன மனிதன் நிற்பது போலவே இருக்கும். கோயில் கோபுரங்களிலும் பாழடைந்த வீடுகளிலும் நம் தலைக்கு மேலேயே வாழும் பறவை அது. இரவில் குறட்டை போல வரும் சீற்றத்தைக் கேட்டுப் பேய் என்று ஓடியவர்கள் நம்மிடையே எத்தனை பேர்!

இமயமலைக்கு வருவோம். யெட்டி என்ற பனிமனிதனுக்குப் பெரும் புகழ் தேடித் தந்தது 1951இல் மலையேறி எரிக் ஷிப்டன் மென்லுங் பனியாற்றில் எடுத்த காலடித்தடப் படம். பக்கத்தில் ஒரு பனிக்கோடரியை வைத்து அளவு தெரியும்படி எடுத்திருந்தார். ஆனால் ‘அருவருப்பான பனிமனிதன்’ என்ற பெயர் அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே பிறந்துவிட்டது. 1921 எவரெஸ்ட் ஆய்வுப் பயணத்தின் தலைவர் ஹோவர்ட்-பரி உயரத்தில் சில தடங்களைக் கண்டு, ஓநாயுடையதாக இருக்கும் என்று நினைத்தார். சுமை தூக்கிவந்தவர்கள் வேறொரு பெயர் சொன்னார்கள். அதைக் கல்கத்தாவில் ஒரு பத்திரிகையாளர் தவறாக மொழிபெயர்த்து எழுத, உலகம் அதையே பிடித்துக்கொண்டது. யெட்டி என்ற சொல்லுக்குத் திபெத்திய மொழியில் சொல்லப்படும் வேர்ப்பொருளோ ‘பாறைப் பகுதிக் கரடி’. மலைவாசிகள் பெயரிலேயே விடையை வைத்திருந்தார்கள். அந்தப் பெயர் மொழி மாறியபோது உள்ளிருந்த கரடி காணாமல் போய்விட்டது.

கரடி நம்மைப் போலவே குதிகாலை ஊன்றி நடக்கும், ஐந்து விரல் பதிக்கும். அதன் பின்னங்காலடி மனிதப் பாதத்தை ஒத்தது. நடக்கும்போது முன்னங்கால் தடத்தின் மேல் பின்னங்கால் விழுந்தால், இரண்டு தடமும் சேர்ந்து ஒரே நீண்ட தடமாகிவிடும். நான்கு கால் விலங்கு நடந்த பாதை இரண்டு கால் பிராணி நடந்ததுபோலத் தெரியும். பிறகு வெயில் ஏறும். தடத்தின் ஓரங்கள் உருகி அகலும், நகக்குறிகள் மறையும். காலையில் ஒரு அடி இருந்தது மாலையில் ஒன்றரை அடியாகும். 2019 ஏப்ரலில் நேபாளத்தின் மகாலு சிகர அடிவார முகாமுக்கு அருகே 32 அங்குல நீளம், 15 அங்குல அகலத் தடங்களைக் கண்டதாக இந்திய ராணுவம் படங்களோடு அறிவித்தது. நேபாளத் தரப்பிலிருந்து வந்த பதிலில், உள்ளூர் மக்களும் சுமைதூக்கிகளும் அவற்றைக் கரடியின் தடம் என்றே சொன்னதாகக் கூறினார்கள். மலையில் தினமும் நடப்பவர்கள் சொன்னதை நாம் கடைசியில்தான் கேட்டோம் என்பது எனக்கு வருத்தம்.

நேபாளத்தின் கும்ஜுங் கிராம மடத்தில் இருந்த ‘யெட்டியின் தலைத்தோலை’ 1960இல் எட்மண்ட் ஹிலாரி வெளிநாடுகளுக்குக் கொண்டுபோய்ச் சோதிக்கச் செய்தார்; செரோ என்ற மலையாட்டின் தோலை வடிவமைத்துச் செய்தது அது. 2017இல் அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தின் ஷார்லட் லின்ட்குவிஸ்ட் குழு, யெட்டியுடையவை என்று பாதுகாக்கப்பட்ட எலும்பு, பல், தோல், முடி, சாணம் என ஒன்பது மாதிரிகளின் மரபணுவைப் படித்தது. எட்டு கரடிகள், ஒன்று நாய். கரடிகளில் ஆசியக் கருங்கரடி, இமாலயப் பழுப்புக்கரடி, திபெத்தியப் பழுப்புக்கரடி மூன்றும் இருந்தன. அதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. இமாலயப் பழுப்புக்கரடி மற்றப் பழுப்புக்கரடிகளிலிருந்து பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துபோன தனி மரபு என்று அதே ஆய்வில் தெரியவந்தது. அழிவின் விளிம்பில் நிற்கும் அந்தக் கரடியைப் பற்றி இவ்வளவு முக்கியமான செய்தி, இல்லாத ஒன்றைத் தேடிப் போனபோது கிடைத்திருக்கிறது.

உடம்பு மாறாதபோதும் கண் ஏமாறும். 2023 ஜூலையில் பெர்லினுக்குத் தெற்கே கிளைன்மக்னோவில் இரவில் எடுத்த காணொளி ஒன்றில் பெண் சிங்கம் தெரிவதாகச் செய்தி வந்தது. மக்களை வீட்டுக்குள் இருக்கச் சொல்லிவிட்டு, ஹெலிகாப்டரும் டிரோனும் வைத்து நூற்றுக்கும் மேற்பட்ட போலீசார் ஒரு நாளுக்கும் மேலாகத் தேடினார்கள். நிபுணர்கள் காணொளியை மறுபடி பார்த்து, முதுகின் வளைவையும் உடலின் அமைப்பையும் சிங்கத்தோடு ஒப்பிட்டபோது, அது காட்டுப்பன்றி என்று தெரிந்தது. இருட்டில் அளவை ஒப்பிட எதுவும் இல்லாவிட்டால், ‘சிங்கம்’ என்று முதலில் சொன்ன வாய்தான் அடுத்தவர் கண்ணுக்கு வழிகாட்டும்.

பெயரைப் பற்றிச் சொல்லும்போது கடற்கன்னியை விட்டுவிட முடியாது. 1493 ஜனவரியில் ஹிஸ்பானியோலா தீவுக் கரையில் மூன்று கடற்கன்னிகள் நீரிலிருந்து எழுந்ததைக் கொலம்பஸ் கண்டதாகவும், ஓவியங்களில் உள்ள அளவுக்கு அழகில்லை என்று அவர் சொன்னதாகவும் அவருடைய பயணக் குறிப்பின் சுருக்கத்தில் இருக்கிறது. அவர் கண்டவை மானட்டி என்னும் கடல்வாழ் பாலூட்டிகளாக இருக்க வேண்டும். அவற்றின் உறவினம் நம் பாக் நீரிணையில் வாழ்கிறது. நம் மீனவர்கள் அதை ஆவுளியா என்கிறார்கள். கடல் பசு என்றும் சொல்வதுண்டு. கடற்புல் மேய்வது, மூச்சுவிட மேலே வருவது, குட்டிக்குப் பால் கொடுப்பது எல்லாம் அவர்களுக்குத் தெரியும். பக்கத்தில் பார்த்துப் பெயர் வைத்தவர்களுக்கு அது கன்னியாகத் தெரிய வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. நாட்டிலேயே அதுதான் முதலாவது.

நம் செய்தித்தாள்களிலோ ‘மர்ம விலங்கு கடித்து ஆடுகள் பலி’ என்ற தலைப்பு இன்னமும் வந்துகொண்டிருக்கிறது. காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலப் பட்டிகளில் இரவில் அடைத்த செம்மறிகள் விடியும்போது குடல் சரிந்து கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தலைப்பின் வலி தெரியும். சிறுத்தை என்று ஒருவர் சொன்னால் ஊர் முழுக்க மாலையில் கதவைச் சாத்திவிடும். ஆனால் பட்டியில் கிடக்கும் உடல்களே பேசும். சிறுத்தை பொதுவாகக் குரல்வளையைக் கவ்விக் கொன்று, ஒன்றை இழுத்துக்கொண்டு போகும். தெருநாய்க் கூட்டம் பின்னந்தொடை, வயிறு, காது என்று அகப்பட்ட இடத்தில் கடித்துக் குதறி, பத்துப் பதினைந்தைப் போட்டுவிட்டு, பெரும்பாலும் தின்னாமலே போய்விடும்.

இந்த வேறுபாடு ஆட்டுக்காரருக்குப் பணம். வனவிலங்கு அடித்தால் வனத்துறையிடம் இழப்பீடு கேட்க வழியிருந்தது. தெருநாய் அடித்தால் யாரிடம் போய்க் கேட்பது என்றே தெரியாமல் இருந்தது. செத்த ஆடுகளைச் சாலையில் போட்டு அந்த விவசாயிகள் போராடியது அதற்காகத்தான். பட்டியின் வாசலில், தண்ணீர்த் தொட்டி கசிந்து மண் ஈரமாக இருக்கும் இடத்தில் முதலில் குனிந்து பார்க்க வேண்டும். சிறுத்தை நகத்தை உள்ளிழுத்துக்கொண்டு நடப்பது. அதன் தடம் வட்டமாக, நகக்குறி இல்லாமல் பதியும். நான்கு விரல்களின் முன்னாலும் நகம் குத்திய புள்ளிகள் தெரிந்தால், வந்தது நாய்.